பஸ் தொங்கும் இடத்தில் இடைவேளை

தியேட்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "ஆன்ட்டி, எந்தப் படம் ஓடும், எந்தப் படம் ஓடாதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" அது தெரிந்திருந்தால் நான் ஏன் வருஷக்கணக்காகப் பாப்கார்ன் வாசனையோடு வீட்டுக்குப் போகிறேன்? ஹாலிவுட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க மாட்டேனா? ஆனால் நீங்கள் கேட்காத இன்னொரு கேள்வி இருக்கிறது. எந்தப் படம் எத்தனை வருஷமானாலும் ஓடும்? அதற்கு என்னிடம் பதில் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தமிழ்க் காட்சிக்கே வேட்டு வைக்க இருந்த நேரத்தில், அந்தப் பதில் கிடைத்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டெக்சஸில் ரிச்சர்ட்சன். இரண்டே திரை உள்ள பழைய தியேட்டர். பெரிய இடங்களில் ஓடிக் களைத்த படங்களும், பழைய படங்களும் மலிவு டிக்கெட்டுக்கு எங்களிடம் ஓடும். அங்கே நான் மேனேஜர். மேனேஜர் என்றதும் கோட்டு சூட்டு என்று நினைத்துவிடாதீர்கள். புரொஜக்டர் ஓட்டுவதும் நான்தான், பாத்ரூமில் பேப்பர் தீர்ந்தால் மாட்டுவதும் நான்தான். சொந்த ஊர் பாளையங்கோட்டை. கணவர் ரிச்சர்ட்சனிலேயே ஒரு டெலிகாம் கம்பெனியில் எஞ்சினியர். எங்கள் தமிழ் ஆராதனை ஞாயிறு சாயங்காலம் நடக்கும். காலையைக் கர்த்தர் சினிமாவுக்கென்றே விட்டு வைத்திருக்கிறார் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

மதியம் வழக்கமான காட்சிகள் தொடங்குமுன், ஞாயிறு காலையில் தமிழ்ப் படம். இன்றைக்கு உங்களுக்குப் பட்டனைத் தட்டினால் படம் வருகிறது. அன்றைக்கு நியூஜெர்சியில் இருக்கும் விநியோகஸ்தர் பிலிம் சுருள்களைத் தகரப் பெட்டியில் அடைத்து ஊர் ஊராக அனுப்புவார். பல படங்களுக்கு நாடு முழுக்கச் சுற்ற ஒரே ஒரு பிரிண்ட்தான் இருக்கும். பெட்டி வந்ததும் டல்லாஸைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்கள் ஃப்ரீவே பிடித்து வந்து இறங்கிவிடும். பெரியவர்களுக்குப் படம், நடுவயதுக்காரர்களுக்குச் சமோசாவும் ஊர் வம்பும். பிள்ளைகளுக்குத்தான் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகள். தமிழ் புரியும், ஆனால் மரத்தைச் சுற்றி எதற்காகப் பாடுகிறார்கள் என்று புரியாது. இருட்டில் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள், திரைக்கு முன்னால் ஏறிக் குதிப்பார்கள்.

எங்கள் முதலாளிக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. பூட்ஸ் போட்ட, அதிகம் பேசாத டெக்சஸ்காரர். கம்பளத்தில் சட்னிக் கறையைக் காட்டி ஒருநாள் சொன்னார். "எஸ்தர், ஒன் மோர் மெஸ், அண்ட் தட்ஸ் இட்." இன்னொரு தகராறு வந்தால் தமிழ்க் காட்சிக்கு முழுக்கு. மற்ற தியேட்டர்கள் ஏற்கெனவே கையை விரித்தாயிற்று. இதுவும் போனால் பழையபடி யாராவது வீட்டு வரவேற்பறையில், மூன்றாம் தடவை காப்பி எடுத்த கேசட்டில், கதாநாயகி பச்சையாகத் தெரிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

முதலாளி ஹாலைக் கொடுப்பவர் என்றால், ஆளைக் கொடுப்பவர் மணி. கோயம்புத்தூர்க்காரர், சாஃப்ட்வேர் வேலை. வாராவாரம் வீடு வீடாகப் போன் போட்டு, "வந்துருங்க, நல்ல படமுங்க" என்று அழைப்பவர் அவர்தான். மணி போன் போட்டால் ஹால் நிரம்பும், போடாவிட்டால் காற்று வாங்கும். தங்கமான மனுஷன். கோபம் மட்டும் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும்.

அந்த ஞாயிறு காலை பெட்டி வரவில்லை. முந்தின நாள் கேட்டபோதே விநியோகஸ்தர், "காலைல உங்க கையில இருக்கும்மா" என்று அடித்துச் சொல்லியிருந்தார். நான் நியூஜெர்சிக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, பெட்டி எங்க?"

"வந்துக்கிட்டே இருக்கும்மா. ஹூஸ்டன்ல காலைலயே ஷோ ஆரம்பிச்சுட்டாங்க. முதல் பாதி முடிஞ்சதும் அந்த ரீலை உங்களுக்கு அனுப்பிடுவாங்க. நீங்க அதை ஓட்டி முடிக்கறதுக்குள்ள ரெண்டாம் பாதி வந்துடும்."

"யாரு கொண்டு வருவா?"

"ஒரு பையன் கார்ல வர்றான். நம்ம ஊர்ல செய்யறதுதானேம்மா? ஒரே பிரிண்ட வச்சு ரெண்டு தியேட்டர் ஓட்டுவாங்களே, சைக்கிள்ல ரீல் பெட்டி போகுமே!"

"அண்ணாச்சி, ஹூஸ்டன்லேர்ந்து இங்க வர நாலு மணி நேரம் ஆகும்."

அந்தப் பக்கம் பேப்பர் புரட்டும் சத்தம் கேட்டது. "ரெண்டும் டெக்சஸ்னுதானேம்மா போட்டிருக்கு?" என்றார், பரிதாபமாக.

அட பாவி மனுஷா! வாய்வரை வந்த வசவை விழுங்கிக்கொண்டு போனை வைத்தேன். திட்டினால் மனசு ஆறும், பெட்டி வருமா? வெளியே எட்டிப் பார்த்தேன். ஹால் நிறைந்துவிட்டது. பட்டுப்புடவை, ஸ்ட்ரோலரில் கைக்குழந்தைகள், ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் மாமியார்கள். மணியும் தன் மாமனாரைக் கூட்டி வந்திருந்தார். தாராபுரத்துக்காரர், வெள்ளை வேட்டி, அதன்மேல் மாப்பிள்ளையின் குளிர்கோட்டு. அமெரிக்கா வந்ததிலிருந்து வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார், பாவம், ஒரு தமிழ்ப் படமாவது பார்க்கட்டும் என்று மணி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நெருக்கடி வந்தால் கூட்டத்திடம் "என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்" என்று ஒருநாளும் கேட்காதீர்கள். ஆளுக்கொன்று சொல்வார்கள், பிறகு அவர்களுக்குள்ளேயே அடிதடி வரும். உண்மையை நீங்களே முதலில் சொல்லுங்கள். சொல்லும்போதே அடுத்து என்ன என்பதும் உங்கள் வாயில் தயாராக இருக்க வேண்டும்.

என்னிடம் தயாராக இருந்தது ஒன்றுதான். மதியக் குழந்தைகள் காட்சிக்காக மெஷினில் ஏற்றி வைத்திருந்த பழைய சூப்பர் ஹீரோ படம். அந்த ஹாலில் எத்தனை காட்சி போட்டாலும் ஒப்பந்தம் இடம் கொடுத்தது. பெயர் வேண்டாம், எங்கள் ஆட்கள் வைத்த பெயரே போதும்: மஞ்சக்கோட்டுக்காரர் படம். ஒரு சின்ன ஊரில் வீடு வீடாகப் பால் பாட்டில் போடும் மனிதர். மஞ்சள் கோட்டை மாட்டிக்கொண்டால் லாரியையும் தூக்குவார், பாலத்தையும் தாங்குவார். ஒரே ஒரு சிக்கல். கோபம் வந்தால் பலம் போய்விடும். வில்லனுக்கு அது தெரியும். அதனால் துப்பாக்கி கிப்பாக்கி ஒன்றும் எடுக்க மாட்டான், படம் முழுக்க அவரைச் சீண்டிக்கொண்டே இருப்பான்.

திரைக்கு முன்னால் போய் நின்றேன். "எல்லாரும் கேளுங்க. பெட்டி ஹூஸ்டன்ல மாட்டிக்கிட்டு. காலைக் காட்சிக்கு வராது. அதுக்குப் பதிலா ஒரு இங்கிலீஷ் படம் போடுதேன். பழைய படம், நல்ல படம். உக்காருங்க."

குபீரென்று சத்தம் கிளம்பியது. ஒரு அங்கிள் எழுந்து, "பெட்டி வர வரைக்கும் நான் கதைய சொல்றேன், நியூஜெர்சில பாத்துட்டேன்" என்றார், மனப்பூர்வமாக. அவர் மனைவி அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். மணி நடுவரிசையில் எழுந்து நின்றார். முகம் சிவந்துவிட்டது.

"ஏனுங்க அக்கா, நாங்க என்ன இளிச்சவாயனுங்களா? நூறு பேருக்கு போன் பண்ணி கூட்டிட்டு வந்திருக்கேன். எங்க மாமனாருக்கு இங்கிலீஷ்ல ஒரு எழுத்து தெரியாதுங்க. கார்ட்டூன் மாதிரி ஒண்ண போட்டு ஏமாத்தலாம்னு பாக்கறீங்களா? ஓனர் வரட்டும், நேராவே கேக்கறேன். இந்த தியேட்டரே இனி எங்களுக்கு வேண்டாமுங்க!"

எனக்கும் சுர்ரென்றுதான் ஏறியது. இந்த ஹாலுக்காக நான் முதலாளியிடம் எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன் என்று இவருக்குத் தெரியுமா? ஆனால் நான் பதில் பேசினால் அது சண்டை. சண்டை என்றால் முதலாளி சொன்ன அந்த மெஸ். "மணி, இடைவேளைல பேசிக்குவோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மாடியேறிப் போய் விளக்கை அணைத்தேன், மெஷினைப் போட்டேன். மணி இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவர் தலை நிழல் திரையில் பூதாகரமாக விழுந்தது. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். மனுஷனுக்கு உட்காருவதைத் தவிர வேறு வழியில்லை.

மேலேயிருக்கும் சின்ன ஜன்னல் வழியாக நான் படம் பார்க்கவில்லை, ஹாலைத்தான் பார்த்தேன். நீங்களும் அப்படித்தான் பார்க்க வேண்டும். முதலில் முணுமுணுப்பு. பிறகு, வழக்கமாக ஓடித் திரியும் பிள்ளைகள் ஓடவில்லை என்பது உறைத்தது. மஞ்சக்கோட்டுக்காரர் முதல் தடவை லாரியைத் தூக்கும்போது லாரியைக் கட்டியிருந்த கம்பி அப்பட்டமாகத் தெரியும். "ஐ கேன் சீ தி வயர்!" என்று ஒரு பையன் கத்தினான். "ஷ்ஷ், ஸோ வாட்?" என்றது பக்கத்து சீட்டுக் குட்டி. அந்தக் குட்டி மணியின் மகள் காவ்யா. இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு அந்தப் பக்கம் தாத்தா உட்கார்ந்திருந்தார். வில்லன் சீண்டும்போதெல்லாம் அவர் கையை ஆட்டி ஆட்டி, "கோவப்படாதே, கோவப்படாதே" என்று திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் தெரியாதவர்!

அடுத்த முடிவுதான் பெரிய முடிவு. இடைவேளை. அமெரிக்கப் படத்துக்கு இடைவேளை கிடையாது, ஆனால் நம் கூட்டத்துக்கு இடைவேளை இல்லாமல் முடியுமா? பெரியவர்கள் பாத்ரூம் போக வேண்டும், வெளியே சமோசா காத்திருக்கிறது. எங்கேயாவது நானேதான் நிறுத்தியாக வேண்டும். அந்தப் படத்தில் அமைதியான இடங்கள் நிறைய உண்டு. அவர் பால் பாட்டில் கழுவுவார், மழை பெய்யும், நாய் படுத்திருக்கும். மெஷினை நிறுத்தத் தோதான இடங்கள். ஆனால் அப்படி ஒரு இடத்தில் நிறுத்தினால் என்ன ஆகும்? மணி எழுந்து, "போதும், கெளம்புங்க" என்று மொத்தக் கூட்டத்தையும் பார்க்கிங் பக்கம் திருப்பிவிடுவார்.

அதனால் நான் காத்திருந்தேன். வில்லன் ஊர் நடுவில் வைத்து, மஞ்சக்கோட்டுக்காரரின் செத்துப்போன அப்பாவைக் கேவலமாகப் பேசுவான். அவருக்குக் கண்மண் தெரியாத கோபம் வரும். அதே நேரம் பாலம் உடையும். பள்ளிக்கூட பஸ் பாதி பாலத்திலும் பாதி அந்தரத்திலுமாகத் தொங்கும். உள்ளே பிள்ளைகள். அவர் ஓடிப்போய்ப் பின் பம்பரைப் பிடிப்பார். தூக்குவார். பஸ் அசையாது. மறுபடியும் முக்குவார். தன் கைகளையே பார்ப்பார்.

அங்கே நிறுத்தினேன். விளக்கைப் போட்டேன்.

ஹாலில் எழுந்த அலறல் கீழே தெருவரைக்கும் கேட்டிருக்கும். வாசல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த முதலாளிக்குக் கேட்டது. அன்றைக்குப் பார்த்து வர வேண்டுமா அந்த மனுஷன்! நான் படியிறங்கி வருவதற்குள் லாபி முழுக்கக் கூட்டம். அழும் பிள்ளைகள், சமோசாத் தட்டை மறந்து நிற்கும் அப்பாக்கள்.

"ஹூ ஸ்டாப்ட் மை மூவி?" என்றார் முதலாளி.

நான் பதில் சொல்லுமுன் மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவரை நோக்கி வந்தார். விரலை நீட்டிவிட்டார். வாயைத் திறந்துவிட்டார். அவ்வளவுதான், ஞாயிற்றுக்கிழமை போச்சு என்று நினைத்தேன். எனக்கு அழுகை முட்டியது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அப்போது காவ்யா பின்னாலிருந்து ஓடி வந்து அவர் நீட்டிய கையை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"அப்பா, டோன்ட் கெட் மேட்! ப்ளீஸ்! யூ வோன்ட் பி ஏபிள் டு லிஃப்ட் இட்!"

மணிக்கு ஒன்றும் புரியவில்லை. "எதைத் தூக்கோணும் கண்ணு?"

"தி பஸ்!"

அந்தக் குழந்தைக்கு உள்ளே தொங்கும் பஸ்ஸும் வெளியே கத்தும் அப்பாவும் ஒரே கதைதான். இங்கே ஒருத்தர் கோபப்பட்டால் அங்கே பஸ் விழுந்துவிடும். மணி மகளைப் பார்த்தார், நீட்டின விரலைப் பார்த்தார். மெதுவாக மடக்கினார். முதலாளிக்குத் தமிழ் தெரியாதே தவிர, பஸ் என்பது தெரியும். அவர் என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"ஹியர்? யூ ஸ்டாப்ட் இட் ஹியர்?"

"யெஸ். இன்டர்மிஷன்" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"லேடி, நோபடி ஸ்டாப்ஸ் திஸ் மூவி ஹியர்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் குரலில் கோபம் இல்லை. இந்தப் படம் முதல்முதலில் வந்தபோது தன் பிள்ளைகள் இருவரையும் இதே தியேட்டருக்குக் கூட்டி வந்ததாகவும், சின்னவன் இந்த இடத்தில் அப்பாவின் தோளைக் கடித்து வைத்தான் என்றும் சொன்னார். அவர் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி அன்றுதான் கேட்டேன்.

அதற்குள் தாராபுரத்துப் பெரியவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார். "ஏனுங்கம்மிணி, பலகாரமெல்லாம் அப்பறம் தின்னுக்கலாமுங்க. பஸ்சு தொங்கிட்டு கெடக்குது. சீக்கரம் போடுங்க."

போட்டேன். மணி உள்ளே போனார். முதலாளி உட்காரவில்லை, பின்சுவரில் சாய்ந்து நின்றே பார்த்தார். திரையில், பஸ்ஸின் உடைந்த கண்ணாடி வழியாக ஒரு சிறுமி கையை நீட்டி, காலையில் ஹீரோ கொடுத்த பால் பாட்டிலைக் காட்டுவாள். "பாருங்க, இது உடையல." அவ்வளவுதான் வசனம். மஞ்சக்கோட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்துக்கொண்டே தூக்குவார். எங்கள் ஹாலில் அன்று பறந்த விசில், எந்தப் பெரிய நடிகரின் அறிமுகக் காட்சிக்கும் நான் கேட்காத விசில். விசிலடித்ததில் ஒருவர் தாராபுரத்துக்காரர்.

ஹூஸ்டன் பையன் முதல் பாதியை மட்டும் தூக்கிக்கொண்டு மதியம் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். அவனைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள், ஒருவரும் திட்டவில்லை. மீதிப் பெட்டி சாயங்காலம் வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, திங்கள் மாலை ஹால் சும்மாதான் கிடக்கிறது, உங்கள் படத்தை அப்போது ஓட்டிக்கொள்ளுங்கள் என்றார். "அண்ட் நெக்ஸ்ட் சண்டே?" என்றேன். "சேம் டைம்" என்றார். பக்கத்தில் நின்ற மணி அங்கேயே லாபி போனை எடுத்து நம்பர் போட ஆரம்பித்துவிட்டார். "வந்துருங்க, நாளைக்கு நெசமாலுமே தமிழ்ப் படமுங்க!"

அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு ஞாயிறு, தமிழ்ப் படத்துக்குப் பதில் மஞ்சக்கோட்டுக்காரர் என்பது எங்கள் ஊர் வழக்கமாகிவிட்டது. ஏன் சலிக்கவில்லை என்று கேட்பீர்கள். இதுதான் என் பதில். அந்தப் படத்தில் பிரமாண்டம் இல்லை, கம்பி தெரிகிறது. ஆனால் ஹீரோவின் பலவீனம் வேற்றுக்கிரகத்திலிருந்து வந்ததில்லை. தினமும் நம் சாப்பாட்டு மேஜையில் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது. ஏழு வயசுக்கும் அது தெரியும், எழுபது வயசுக்கும் தெரியும், சப்டைட்டில் வேண்டாம். குடும்பத்தோடு பார்க்கிற படத்தைத் தேடும்போது பறக்கிறாரா, நெருப்பைக் கக்குகிறாரா என்று பார்க்காதீர்கள். படம் முடிந்து காரில் போகும்போது பிள்ளை அப்பாவை என்ன சொல்லி மடக்கும் என்று பாருங்கள். அது இருந்தால் படம் ஓடும், பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் ஓடும்.

இரண்டாயிரத்து ஒன்றில் கட்டிடத்தை விற்றுவிட்டார்கள். கடைசித் தமிழ் ஞாயிறுக்கு எந்தப் படம் போடுவது என்று நான் யாரையும் கேட்கவில்லை. ஹால் நிறைந்திருந்தது. காவ்யா என் உயரத்துக்கு வளர்ந்து, பள்ளித் தோழிகளோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தாராபுரத்துப் பெரியவர் ஊருக்குத் திரும்பிப் போயிருந்தார். முதலாளி அதே பின்சுவரில் சாய்ந்து நின்றார். பாலம் உடைந்தது, பஸ் தொங்கியது, மஞ்சக்கோட்டுக்காரர் தன் கைகளைப் பார்த்தார். நான் நிறுத்தி, விளக்கைப் போட்டேன்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வெளியே சமோசா ஆறிக்கொண்டிருந்தது. என்ன நடக்கும் என்று அத்தனை பேருக்கும் தெரியும், வசனம்கூட மனப்பாடம். ஆனாலும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். இந்த மெஷினை நான் மறுபடி போட்டால் படம் முடிந்துவிடும், படம் முடிந்தால் தியேட்டர் முடிந்துவிடும். என் கை சுவிட்சின்மேல் இருந்தது, அழுத்த மனம் வரவில்லை. அப்போது நடுவரிசையில் மணி எழுந்து நின்று, மேலே என் ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். கோபமே இல்லாத குரல்.

"அக்கா, போடுங்கக்கா. பஸ்சு தொங்குதுங்க."

போட்டேன்.